வெங்காயச் சாயம்

என் நாத்தனாருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று முடிவானதும் வீட்டில் எழுந்த பெரிய பேச்சு அவளைப் பற்றியது அல்ல, அவளுடைய ஆடுகளைப் பற்றியது. ஆஸ்பத்திரியில் யார் கூட இருப்பது, யார் சோறு கொண்டுபோவது என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒன்பது ஆட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதற்குத்தான் மூன்று நாள் ஆனது.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. செந்துறைப் பக்கம் வாக்கப்பட்டவள். அவள் புருஷனுக்கு ஒரு சிமெண்டு ஆலையில் காண்ட்ராக்ட் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு என்று மனிதர் எப்போது பார்த்தாலும் தூக்கக் கலக்கத்தில் இருப்பார். அவரை நம்பி ஒரு கோழியைக்கூட விட முடியாது. ஒரே மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே ஆடுகள் பெரம்பலூர் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருவதென்று தீர்மானமாயிற்று. தீர்மானித்தவர் என் வீட்டுக்காரர். என்னிடம் அவர் கேட்கவில்லை, சொன்னார்.

“மூணு மாசம்தான். கனமா எதையும் தூக்கக்கூடாது, குனியக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்களாம். பாவம், நம்மள விட்டா அவளுக்கு யாரு இருக்கா?”

“எனக்கு மட்டும் குனியறதுக்கு ரொம்ப ஆசையா?” என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானே இதை ஒத்துக்கொண்டுவிடுவதால் மற்றவர்கள் மெனக்கெட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

பொங்கல் முடிந்த ஒரு வாரத்தில் குட்டியானை வண்டியில் ஆடுகள் வந்து இறங்கின. எல்லாம் கறுப்பு. எங்கள் பக்கத்து ஆடுகள் அப்படித்தான், கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். இரண்டாவது நடையில் வண்டி நிறையக் கடலைக்கொடி வந்தது. கடலையை ஆய்ந்த பிறகு காயவைத்துப் போர் போட்டிருந்த கொடி. பச்சை மாறாமல், இலை உதிராமல் அவ்வளவு பக்குவமாகக் காயவைத்திருந்தாள். அந்த வண்டியின் முன் சீட்டில் அவளும் வந்திருந்தாள். நாளைக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியவள், ஆடுகளைத் தன் கையால் ஒப்படைக்காவிட்டால் தூக்கம் வராது என்று வந்திருந்தாள்.

ஒரு வருஷமாக உதிரப்போக்கு. வெளியே சொல்லாமல் மறைத்து வைத்து, நடந்தால் மூச்சு வாங்கும் நிலைமைக்குக் கொண்டுபோய்விட்டிருந்தாள். முதலில் ரத்தம் ஏற்றி, உடம்பு தேறிய பிறகுதான் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள்.

“நர்சம்மா வந்தா மொத வேலையா கண்ணை இப்படிப் புடிச்சு இழுத்துப் பாக்குறாங்க அண்ணி” என்று கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினாள். “உள்ள செவப்பா இருக்கணுமாம். எனக்கு வெள்ளையா இருக்காம்.”

எட்டிப் பார்த்தேன். காய்ந்த சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், “இத்தனை நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்று திட்டினேன். அவள் சிரித்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பாசம் என்பது பல வருஷமாக இந்த வழியில்தான் போய்வருகிறது.

போகும் முன் ஒவ்வொரு ஆடாகத் தொட்டுக் காட்டி அதனதன் குணத்தைச் சொன்னாள். இது முட்டும், இது தண்ணீர் குடிக்க யோசிக்கும், நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள இந்தக் குட்டி ஓயாமல் கத்தும். கடைசியாக ஒரு பெட்டையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்குக் காது இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டையான காது. சின்னக்காதி என்று பேர். குட்டியிலேயே தாய் செத்துப்போன அதைப் பால்புட்டியில் பசும்பால் கொடுத்து வளர்த்து, அதன் வழியாக வந்தவைதான் மற்ற ஆடுகளில் பாதி. அந்த வீட்டில் கூரை மாற்றுவது, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும் புருஷன் பேச்சுதான். ஆடு விஷயத்தில் மட்டும் அவள் பேச்சு. அவளாக உண்டாக்கியது, அவள் சொன்னால் சொன்னதுதான். அப்போது சின்னக்காதி சினையாக இருந்தது.

“வேற எது எப்படிப் போனாலும் பரவால்ல. சின்னக்காதியை மட்டும் எனக்குக் காப்பாத்திக் குடுத்துடுங்க அண்ணி. காலையில ஒரு கட்டு கொடி, சாயங்காலம் ஒரு கட்டு. நடுவுல அண்ணன் கொஞ்சம் சோளத்தட்டை வெட்டிப் போட்டாப் போதும். வேற எதையும் புதுசா பழக்கிடாதீங்க.”

“எனக்கு ஆடு வளக்கத் தெரியாதா? போயி உன் உடம்பைப் பாரு” என்றேன்.

இனிமேல் நான் சொல்லப்போவதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடலைக்கொடியைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. எங்கள் பசு அப்போதுதான் கன்று போட்டிருந்தது. பால் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. முதல் நாள் ஒரு கை கொடியை அதன் முன்னால் போட்டேன். நாக்கைச் சுழற்றி அது தின்ற அழகைப் பார்த்து மறுநாள் ஒரு கட்டே போட்டேன். நாலாம் நாள் பால் சொம்பு நிறைந்து நுரை கட்டியது. அதற்கப்புறம் காலைக் கட்டு பசுவுக்கு, சாயங்காலக் கட்டும் பசுவுக்கு. யார் கேட்கப் போகிறார்கள்? ஆடு எதையும் தின்னும்.

ஆட்டுக்குக் கொடுக்க என்னிடம்தான் மலைமலையாக வேறு ஒன்று கிடந்ததே. தை மாதம் எங்களுக்கு வெங்காயம் ஆயும் மாதம். ஆய்வது என்றால் தாளையும் வேரையும் கிள்ளி, சருகைத் தேய்த்து உதிர்த்து, அழுகலையும் பொடியையும் ஒதுக்கி வைப்பது. நல்ல காயைப் பட்டறையில், அதாவது காற்றாடக் கட்டிய கூரைக்குள், கொட்டி வைப்போம். பட்டறைக்குப் பக்கத்தில் புங்கமரத்து நிழலில் பத்துப் பெண்கள் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் இடுப்பு உயரத்துக்குத் தாளும் கழிவும் சேர்ந்துவிடும். வழக்கமாக அதைச் சாலையோரம் கொட்டி நாற விடுவோம். அந்த வருஷம் அப்படியே அள்ளிக் கொண்டுபோய் ஆட்டுப் பட்டியில் கொட்டினேன்.

ஆடுகள் விழுந்து விழுந்து தின்றன. பச்சைத் தாள், பொடி வெங்காயம், மெத்தென்று போன அழுகல் காய், எதையும் விடவில்லை. வயிறு பொம்மென்று எழும்பி நின்றது. நான் வேலைக்கு வந்த பெண்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். “அவ போரு போரா கொடி சேக்குறா. மூளை இருந்தா இப்படி ஓசியில வளக்கலாம்ல?” அவர்களும் ஆமாம் போட்டார்கள். எங்கள் ஊரில் வெள்ளாடு செம்மறியெல்லாம் போகிற போக்கில் இரண்டு தாளைக் கடித்துவிட்டுப் போகும், ஒன்றும் ஆனதில்லை. கடித்துவிட்டுப் போவது வேறு, மூன்று வேளையும் அதையே சோறாகப் போடுவது வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் இருந்து தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். தன் உடம்பைப் பற்றி ஒரு வரி, ஆட்டைப் பற்றி ஒன்பது வரி.

“அண்ணி, ஆடெல்லாம் எப்படி இருக்கு?”

“ஆடா அது? சனியனுங்க! எம் முருங்கையை மொட்டையடிச்சுட்டு நிக்குது. அந்தப் பொட்டுக்காரி விடிய விடியக் கத்தி உயிரை வாங்குறா. உன்னை மாதிரியே வளத்து வச்சிருக்க.”

அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீங்க என்பாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலையில் பட்டியைக் கூட்டப் போனபோது சின்னக்காதி கால்களை அகட்டி மூத்திரம் பெய்தது. மண்ணில் விழுந்த ஈரம் சிவப்பாக இருந்தது. கொஞ்சம் பார்த்தேன். பக்கத்து ஆடும் அப்படித்தான். பால் ஊற்றாத காப்பித் தண்ணிக்கும் செம்பருத்திக் கஷாயத்துக்கும் நடுவில் ஒரு நிறம்.

அப்போது நான் பயந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் பயப்படவில்லை. ஏன் என்றால் வெங்காயக்காரிக்கு அந்த நிறம் புதிதல்ல. தை மாதம் முழுக்க எங்கள் விரல்கள் துருப்பிடித்த நிறத்தில்தான் இருக்கும். சருகு விழுந்து ஊறின தொட்டித் தண்ணீர் மறுநாள் செக்கச் செவேலென்று நிற்கும். ஆய்கிற இடத்தில் வெள்ளைச் சட்டைக்கு மரியாதை கிடையாது. ஒரு தடவை கறை பட்டால் என்ன சோப்புப் போட்டாலும் போகாது. ஆகவே மூட்டை மூட்டையாக வெங்காயம் தின்கிற ஆடு சிவப்பாகப் பெய்தால் அதில் என்ன அதிசயம்? மரத்தடியில் போய்ச் சொன்னேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“வெங்காயச் சாயம் எறங்குது அக்கா! ஒரு வேட்டியைப் புடிச்சு அடியில விரிங்க, காவி வேட்டியாயிரும்!”

நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

அடுத்த இரண்டு நாளில் ஆடுகள் சோர்ந்தன. தாளைக் கொட்டினால் ஓடிவருபவை மெதுவாக எழுந்து வந்தன. நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்கின. பொட்டுக்காரி கத்துவதை நிறுத்திவிட்டது. அப்பாடா, தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் பட்டி மூலையில் அது கால் நீட்டிப் படுத்திருந்தது. தொட்டேன், விறைத்திருந்தது.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். மற்ற எட்டையும் சுற்றிவந்து பார்த்தார். சின்னக்காதி சுவரில் சாய்ந்து நின்றது. அவர் குட்டியானைக்குப் போன் போட்டார். மாட்டாஸ்பத்திரிக்கு எல்லா ஆட்டையும் ஏற்றிக்கொண்டு போனோம். வழியெல்லாம் நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு போனேன், சின்னக்காதி மட்டும் பிழைத்தால் போதும் என்று.

டாக்டர் ஒரு இளவயசுப் பெண். என் மகள் வயசு இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே ஏறிவிட்டார். சின்னக்காதியின் தலையைப் பிடித்து, கட்டை விரலால் கீழ் இமையை இழுத்தார்.

அதே மாதிரி விரல், அதே மாதிரி இமை, அதே காய்ந்த சுண்ணாம்பு.

“ரத்தமே இல்லையேம்மா. மூத்திரம் எப்படிப் போகுது?”

“செவப்பா போகுது டாக்டர். அது சும்மா...” என்று இழுத்தேன்.

“உண்ணிக் காய்ச்சல்லயும் இப்படிப் போகும். ரத்தம் எடுத்து ஆய்வு பண்ணிப் பாத்துரலாம். என்ன தீவனம் போடுறீங்க?”

“கடலைக்கொடி.”

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எவ்வளவு சுளுவாக வந்தது! பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பால் நுரை கட்டியபோது அவரும் குடித்தவர்தான், அதனால் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவினார். எடுத்தது ரத்தம் மாதிரியே இல்லை, தண்ணீர் விட்ட குங்குமம் மாதிரி இருந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, சின்னக்காதியின் வாயருகே குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார்.

“ஏம்மா, எந்த ஊரு கடலைக்கொடியில வெங்காய வாசம் வருது?”

மானம் போயிற்று. கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன்: தாள், பொடிக்காய், அழுகல், மூன்று வேளை, இரண்டு வாரத்துக்கும் மேல். சாயம் இறங்குகிறது என்று சிரித்ததையும் சொன்னேன்.

“சாயம் இல்லைங்கம்மா அது. ரத்தம்” என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசிவிட்டு வந்திருப்பேன். “வெங்காயத்துல இருக்கற ஒரு பொருளு ஆட்டோட ரத்த அணுவை உடைச்சு விட்டுரும். உடைஞ்சது மூத்திரத்துல போகுது. கொஞ்சமா தின்னா ஆடு தாங்கிக்கும். அதையே வயிறு நெறய நாள்கணக்குல தின்னா, உடையற வேகத்துக்கு ரத்தம் ஊற முடியாது.”

உள்ளே போய்க் கண்ணாடித் துண்டைப் பூதக்கண்ணாடி மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். உண்ணிக் காய்ச்சல் இல்லை, வெங்காயம்தான் என்று சொல்லிவிட்டார்.

“பொழைக்குமா?”

“இன்னைக்கே நிறுத்துனா பொழைக்க வாய்ப்பிருக்கு. சினை ஆடுதான் கொஞ்சம் கஷ்டம், அது ரெண்டு உசுருக்கு ரத்தம் ஊற வைக்கணும். நல்ல கொடி, நல்ல தழை, தண்ணி. ஓட விடாதீங்க, வெரட்டாதீங்க. டானிக் தரேன். பாவமேன்னு மக்காச்சோளத்தை அள்ளி வச்சுராதீங்க, வயிறு உப்பிக்கும். தெனம் காலையில கண்ணை இழுத்துப் பாருங்க. கலர் மாறுனா ரத்தம் ஊறுதுன்னு அர்த்தம்.”

வீட்டுக்கு வந்ததும் செத்த குட்டியை வீட்டுக்காரர் வயல் மூலையில் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டே, “எந் தங்கச்சிகிட்ட நான் பொய்யும் சொல்லமாட்டேன், உன்னைக் காட்டியும் குடுக்கமாட்டேன். நீ செஞ்சது, நீதான் சொல்லணும்” என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தது. முந்தின நாள்தான் அவளுக்கு ஆபரேஷன் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். குரல் நூலாக இருந்தது.

“அண்ணி, ஆடெல்லாம் எப்படி இருக்கு?”

சொல்லிவிடத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் வந்த வார்த்தை வேறு. “நல்லா இருக்குதும்மா. தங்கமான ஆடுங்க. ஒரு தொந்தரவு இல்ல.”

அந்தப் பக்கம் வழக்கமான சிரிப்பு வரவில்லை. “சரி அண்ணி” என்று வைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து என் காலை, காப்பிக்கு முன்னால் ஆட்டுப் பட்டியில் தொடங்கியது. மீதி இருந்த கடலைக்கொடியில் ஒரு இணுக்குக்கூடப் பசுவுக்குப் போகவில்லை. அது என்னைப் பார்த்துக் கத்திக் கத்தி ஓய்ந்தது. பாலும் குறைந்தது, குறையட்டும் என்று விட்டேன். வேலிமசால் தழை எங்கே கிடைக்கும், அகத்தி யார் வீட்டில் இருக்கிறது என்று ஊரெல்லாம் அலைந்தேன். இதே ஊரில் அகத்திக்கீரை கேட்டு வந்தவர்களை எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன்! ஒரு வீட்டில் அதை ஞாபகமாகச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் ஒடித்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கட்டிக்கொண்டு தழையோடு வந்தேன்.

டானிக்கை ஊற்றிவிட்டு ஒவ்வொரு ஆடாகக் கண்ணை இழுத்துப் பார்ப்பேன். முதல் நாலைந்து நாள் ஒரே வெள்ளை. மூத்திரம் மட்டும் நிறம் தெளிந்து, மஞ்சளாகி, பிறகு சாதாரணமாயிற்று. ஒரு வாரம் கழித்து, முட்டும் ஆடு ஒன்று என் முழங்காலில் முட்டியது. வலி உயிர் போயிற்று. அந்த வலியில் நான் சிரித்ததைப் பார்த்து வீட்டுக்காரர் பயந்துபோய் ஓடிவந்தார். அதன் கண்ணை இழுத்துப் பார்த்தேன். வெங்காயத்தை உரித்தால் இரண்டாவது தோலில் ஒரு வெளிர் ரோஜா நிறம் தெரியுமே, அந்த நிறம் வந்திருந்தது. ஒவ்வொன்றாக ஆடுகளுக்கு அந்த நிறம் வந்தது. சின்னக்காதிக்கு மட்டும் வரவில்லை.

மரத்தடிப் பெண்களிடமும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. வெங்காயமா ரத்தத்தைக் குடிக்கும், நாம் தினமும் தின்கிறோமே என்றார்கள். ஒருத்தி சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தன் ஆட்டின் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் முகம் வெளிறி வந்தாள். அவளும் என்னைப் பார்த்து ஓசித் தீவனம் பழகியவள். நல்லவேளை, அவளுடையது ஆரம்ப நிலை. அன்றோடு நிறுத்திவிட்டாள். இப்போதும் எங்கள் பட்டறைத் தாளை ஆடுகளுக்குக் கொடுக்கத்தான் செய்கிறோம். காய்ந்த தட்டைக்கு நடுவில் ஒரு கை, அதுவும் தினமும் இல்லை. அழுகல் காய் குழிக்குப் போய்விடுகிறது. ஆயும் இடத்தில் யாராவது புதிதாக வந்து தாளைச் சாக்கில் அடைத்தால், பத்துப் பேரும் ஒரே குரலில் எந்த ஆட்டுக்கு, எத்தனை ஆட்டுக்கு என்று கேட்டு அவளை ஒருவழி பண்ணிவிடுவார்கள்.

சாயங்காலப் போன் மட்டும் நிற்கவில்லை. அவள் கேட்பாள், நான் புகழ்வேன். முருங்கையைத் தொடவே இல்லை, சத்தம் போடுவதே இல்லை, உன் ஆடு மாதிரி பார்த்ததில்லை. ஒவ்வொரு நாளும் சின்னக்காதி தேறியதும் சொல்லலாம், தேறியதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மாசி முடியும் சமயத்தில் ஒருநாள் காலை அதன் கண்ணை இழுத்தேன். அதே வெள்ளையைத்தான் எதிர்பார்த்தேன். ஓரத்தில் ஒரு ரோஜாக் கீற்று இருந்தது. எனக்கே நம்பிக்கையில்லாமல் வெளியே வெளிச்சத்துக்கு இழுத்துவந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “ஆமா” என்றார். நான் பட்டியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தட்டை வெட்டினார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் சின்னக்காதி குட்டி போட்டது. சின்னதாக, எலும்பும் தோலுமாக ஒரு பெட்டை. எழுந்து நிற்க நேரம் பிடித்தது, எழுந்ததும் நேராகப் போய் மடியைப் பிடித்துக்கொண்டது. காது இரண்டும் இருக்கிற இடம் தெரியவில்லை.

அந்த மாதக் கடைசியில் நாத்தனார் ஆடுகளைக் கூட்டிப்போக வருகிறாள் என்று தகவல் வந்தது. முந்தின நாள் முழுக்க நான் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வந்தது ஒன்பது. செத்தது ஒன்று, பிறந்தது ஒன்று. எண்ணிப் பார்த்தால் ஒன்பது! பாதி வளர்ந்த குட்டிக்கும் பத்து நாள் குட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள் என்று என் மூளை கேட்க, கொஞ்ச நேரம் சும்மா இரு என்று அதை அடக்கிக்கொண்டிருந்தேன்.

வண்டி வந்து நின்றது. அவள் மெதுவாக இறங்கினாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. பட்டிப் பக்கம் திரும்பினாள். அவளை வழிமறித்துக்கொண்டு வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

“ஒண்ணு செத்துப்போச்சு. நாந்தான் கொன்னேன். நீ குடுத்த கொடியை எம் மாட்டுக்குப் போட்டுட்டு, உன் ஆட்டுக்கு வெங்காயக் கழிவைப் போட்டேன். சின்னக்காதியும் போயிருக்கும். எப்படியோ பொழைச்சிருச்சு.”

அவள் அப்படியே நின்றாள். “எது செத்துச்சு?”

“பொட்டுக்காரி.”

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “பாவம், வாயாடி அது” என்றாள். பிறகு, “கொடியைப் பூராவும் மாட்டுக்கா போட்டீங்க?” என்று கேட்டாள். அதில் கோபம் இருந்தது. இருக்க வேண்டிய கோபம்தான்.

“பாதி. மீதியை வச்சுத்தான் இதுங்களைத் தேத்துனேன்.”

பட்டிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, “ஏதோ ஆயிருச்சுன்னு எனக்குத் தெரியும் அண்ணி” என்றாள்.

வீட்டுக்காரரை முறைத்தேன். “உங்கண்ணன் சொல்லிட்டாரா?”

“அண்ணன் எங்க சொன்னாரு? நீங்கதான் சொன்னீங்க. தங்கமான ஆடுன்னு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள். “இத்தனை வருசத்துல நீங்க எதைத் தங்கம்னு சொல்லிருக்கீங்க? அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கல நானு. வந்து பாக்கவும் உடம்புல தெம்பில்ல. அப்புறம் ஒவ்வொரு நாளும் புகழ்ந்துக்கிட்டே இருந்தீங்க. சரி, அண்ணி பயந்துபோயிருக்காங்க, பயத்துலயாவது நல்லாப் பாத்துப்பாங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.”

நான் நகர்ந்து வழிவிட்டேன்.

பட்டிக்குள் போனாள். குனியக்கூடாது என்பதால் சின்னக்காதியை நான் பிடித்துத் திட்டின்மேல் ஏற்றி நிறுத்தினேன். அது அவள் கையை மோந்துவிட்டு, மோவாயை அவள் தோளில் வைத்துக்கொண்டது. அவளைத் திட்டில் உட்காரவைத்து, குட்டியைத் தூக்கி மடியில் வைத்தேன். கீழ் இமையை இழுத்துப் பார்க்கிற விதத்தை அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். தாய்க்குப் பார்த்தாள், குட்டிக்குப் பார்த்தாள். எனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள்.

பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பி முகத்தை நீட்டினாள். குட்டியின் எச்சில் ஒட்டின விரலாலேயே தன் கீழ் இமையை இழுத்துப் பிடித்தாள்.

“எனக்குப் பாருங்க அண்ணி.”

“ஏய், ஆட்டைத் தொட்ட கையைக் கழுவாம கண்ணுல வைக்கிறியே, அறிவிருக்கா உனக்கு? ஆஸ்பத்திரியில அத்தனை நாள் படுத்துக் கெடந்து என்னத்தடி கத்துக்கிட்டு வந்த?”

“அப்பாடா” என்றாள், இமையை விடாமல். “திட்டிட்டீங்க. இப்பதான் நிம்மதியா இருக்கு. எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க.”

கிட்டே போய்ப் பார்த்தேன். எனக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன்.

“நல்லாச் செவந்திருக்கு” என்றேன். “போயி மொதல்ல கையைக் கழுவு.”